மகளின் எழுத்துக்கு நான் சாட்சி

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இதை எங்கும் மறைப்பதில்லை. நாலு பேர் கூடிய இடத்தில் நானே முதலில் சொல்லிவிடுவேன், சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். ஹொலண்டில் துலிப் பூக்கிழங்கு தரம் பிரிக்கும் கொட்டிலில் பத்து வருடத்துக்கு மேல் நின்ற கால்கள் இவை. அந்த நாட்டுப் பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தேன். வந்த மூன்றாம் வருடம் பிளேஸ்டோவில் மரக்கறிக் கடை. அதற்குப் பிறகு இன்னொன்று. வங்கி மனேச்சர் என்னைக் கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்துதான் பேசுவார். படித்தவர்கள் வெளியே வரிசையில் நிற்பார்கள்.

என் கையெழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் மூன்று வளையம், கீழே ஒரு நீளக் கோடு. பூக்கிழங்குக் கொட்டிலில் தேத்தண்ணி இடைவேளைகளில் கடதாசிப் பெட்டிகளின் பின்பக்கத்தில் நானே போட்டுப் போட்டுப் பழகியது. "அண்ணை, டொக்டர் கையெழுத்து மாதிரிக் கிடக்கு" என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். அதனால்தானோ என்னவோ, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு எழுத்து என்றால் சாட்சிக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். 2006 வரைக்கும் பதினொரு எழுத்துக்குச் சாட்சி நின்றிருக்கிறேன்.

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஆட்களுக்குக் கலியாணம் இரண்டு நாள். முதல் நாள் எழுத்து. கவுன்சில் அலுவலகத்தில் பதிவாளருக்கு முன்னால் கையெழுத்து வைப்பது. அன்று ஒரு கேக், நாலு படம், பொம்பிளை தன் வீட்டுக்கு, மாப்பிள்ளை தன் வீட்டுக்கு. அந்தக் கடதாசியை வைத்து விசா எடுப்பார்கள், ஸ்பொன்சர் செய்வார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மண்டபம் எடுத்து, ஐயர் வைத்து, தாலி கட்டுவார்கள். அதுதான் கலியாணம். எழுத்து எழுதிய பிறகு குழம்பிப்போன சம்பந்தங்களும் உண்டு. அதற்கும் ஒரு கடதாசி இருக்கிறது, ரத்துச் செய்வார்கள். ஊர் அதைப் பெரிதாகக் கணக்கெடுக்காது. எழுத்து கடதாசிக்கு, தாலி கழுத்துக்கு. நானும் என் மனைவியும் இப்படித்தான், எட்டு மாத இடைவெளி.

இது மூளையில் ஆணியாக இறங்கியிருந்தபடியால்தான் எனக்கு அந்த வருடம் அவ்வளவு குழப்பமும் வந்தது.

மகளுக்கு அப்போது இருபத்தொன்பது வயது. ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை. வேலைக்குக் கிட்ட என்று சொல்லி லூயிஷாமில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ஃபிளாட் எடுத்திருந்தாள். கூட இருந்தது ஒரு பெரு நாட்டுப் பெண். பழைய கட்டிடங்களைப் பழுது பார்க்கும் படிப்புப் படிக்க வந்தவள், பின்னேரங்களில் கோப்பிக் கடையில் வேலை. பெரு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. "உருளைக்கிழங்கு எங்கடை நாட்டிலையிருந்துதான் உலகத்துக்குப் போனது, அங்கிள்" என்று முதல் நாளே ஆங்கிலத்தில் சொன்னாள். மூட்டைக் கணக்கில் கிழங்கு விற்கிற எனக்கே பாடம்! ஆனாலும் பிள்ளை நல்ல பிள்ளை. நான் கொண்டுபோகும் மரக்கறியை நிறம் பார்த்துக் கூடையில் அடுக்குவாள்.

அந்த ஃபிளாட்டுக்கு இரண்டு தனிக் கட்டில்கள் வாங்கிக் கொடுத்தவன் நான். லிஃப்ட் இல்லாத மூன்றாம் மாடி. ஐம்பத்தெட்டு வயதில் தனி ஆளாக முதுகில் வைத்து ஏற்றினேன். கீழ்வீட்டு ஆபிரிக்கக் கிழவர் கதவைத் திறந்து நின்று பார்த்தார். ஆனால் பிறகு போகும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும். ஒரு கட்டில் வீட்டுக்குள் நடைபாதையில் சுவரோடு கிடக்கும். அதன்மேல் தோய்த்த உடுப்பு மலைபோல. "காசு குடுத்து வாங்கின கட்டில், உடுப்புக் காயப்போடவோ?" என்று கேட்பேன். பெருக்காரி உடுப்புகளை அள்ளிக்கொண்டு உள்ளே போவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தவள், சாப்பிட்டு முடித்ததும் எனக்கு முன்னால் வந்து இருந்தாள்.

"அப்பா, டீவியை நிப்பாட்டுங்கோ. ஒரு விசயம் சொல்ல வேணும்."

"சொல்லு, காதாலைதானே கேக்கிறன்."

"நிப்பாட்டுங்கோ அப்பா."

நிற்பாட்டினேன்.

"நானும் அவளும் ரெஜிஸ்டர் பண்ணப் போறம்."

"ஆர், பெருக்காரியோ?"

"ஓம். இப்ப சட்டம் வந்திட்டுது, பொம்பிளையும் பொம்பிளையும் எழுதலாம். அவளின்ரை விசா இன்னும் அஞ்சு மாசத்திலை முடியுது. முடிஞ்சால் அவள் போக வேணும். அவள் போனால் எனக்கு ஏலாது, அப்பா. ரெண்டு வருசமா உங்களுக்குச் சொல்ல வேணும், சொல்ல வேணும் எண்டு இருந்தனான்."

விசா என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றச் சொற்களெல்லாம் வாசலிலேயே நின்றுவிட்டன. எனக்குச் சிரிப்பு வந்தது.

"இதுக்கோ பிள்ளை இவ்வளவு நடுங்கினனி? நல்ல விசயம். செய்."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "அப்பா, நான் சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?"

"எனக்கு விளங்காமல் வேறை ஆருக்கு விளங்கும்? பதினொரு எழுத்துப் பாத்தவன். பன்னிரண்டாவது உன்ரை. சாட்சிக் கையெழுத்து நான்தான். வேறை ஒருத்தரையும் கேக்கக் கூடாது."

அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சின்ன வயதில் விழுந்து முழங்கால் உடைத்தபோதுகூட அப்படி அழவில்லை. ஒரு சிநேகிதியின் விசாவுக்கு இப்படியும் அழுவார்களோ என்று எனக்கு ஒரே ஆச்சரியம். முதுகைத் தடவிவிட்டேன். குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் நின்றது. மனைவி வாசலில் வந்து நின்று எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு போய் மறுபடி குழாயைத் திறந்தாள்.

மகள் போன பிறகு கேட்டாள்: "இஞ்சேருங்கோ, உங்களுக்கு என்ன விளங்கினது?"

"விசா."

"அவ்வளவுதானோ?"

"வேறென்ன?"

"ஒண்டுமில்லை. அந்தத் தயிரை எடுத்து ஃபிரிட்ஜிலை வையுங்கோ."

பொம்பிளையும் பொம்பிளையும் எழுதலாம் என்று ஒரு அரசாங்கம் எதற்குச் சட்டம் போடும் என்று நானும் யோசிக்காமல் விடவில்லை. கடைக் கல்லாவில் இருந்து யோசித்து நானே கண்டுபிடித்தேன். இந்த நாட்டில் வயது போனவர்களைப் பிள்ளைகள் பார்ப்பதில்லை. சிநேகிதிகள் இரண்டு பேர் ஒரே வீட்டில் துணைக்குத் துணையாக இருப்பார்கள். ஒருத்தி செத்தால் வீடு மற்றவளுக்குப் போகட்டும் என்று போட்ட சட்டம். வெள்ளைக்காரன் எவ்வளவு தூரம் யோசிக்கிறான் பாருங்கள் என்று வாடிக்கையாளர்களுக்கும் விளக்கம் சொன்னேன். இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டு வெண்டிக்காய் முறித்துப் பார்த்தார்கள். நான் பேசினால் அப்படித்தான் கவனமாகக் கேட்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரே ஒரு கவலை எனக்கு இருந்தது. கனடாவின் ரொறொன்ரோவில் ஒரு பல் வைத்தியர், மகளின் சாதகத்தோடு நன்றாகப் பொருந்தியவர். அவருடைய தாய் தகப்பனோடு நான் ஏற்கெனவே கதைத்து வைத்திருந்தேன். "பிள்ளைக்கு ஒரு சின்ன அலுவல் இருக்கு, ஆறு மாசம் பொறுங்கோ" என்று தொலைபேசியில் சொன்னேன். பெருக்காரிக்கு விசா வந்த கையோடு இந்த எழுத்தை ரத்துச் செய்துவிட வேண்டும். எத்தனை மாதத்தில் முடியும்? அதை மட்டும் சரியான இடத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். மகளிடம் கேட்கவில்லை. நல்ல காரியம் செய்யப் போகிற பிள்ளையிடம் அதை ஏன் இப்போது கேட்க வேண்டும்?

உள்துறையிலிருந்து எழுத்துக்கு அனுமதிக் கடிதம் வந்தது. பெரு நாட்டுக் கடவுச்சீட்டு, மகளின் ஹொலண்ட் கடவுச்சீட்டு, வீட்டு வாடகைக் கடதாசிகள் எல்லாவற்றையும் அவர்களே கொண்டுபோய்க் கொடுத்து நாளும் எடுத்துவிட்டார்கள்.

அன்று காலை என் சாம்பல் நிறக் கோட்டைப் போட்டு, சப்பாத்து மினுக்கி, பதினொரு எழுத்துக்கும் கையெழுத்து வைத்த அதே பேனையைச் சட்டைப்பையில் குத்தினேன். மனைவி சாரியும் உடுக்கவில்லை, தலையும் வாரி இழுக்கவில்லை.

"நீ வரேல்லையோ?"

"இல்லை. நீங்கள் போய் உங்கடை கண்ணாலை பாத்திட்டு வாங்கோ."

"எழுத்துத்தானே, நீ வந்து என்ன செய்யப் போறாய்" என்று நானும் விட்டுவிட்டேன்.

பதிவு அலுவலகம் தெற்கு லண்டனில் ஒரு பழைய செங்கல் கட்டிடம். நான் அரை மணித்தியாலம் முந்திப் போய்விட்டேன். எந்த அலுவலுக்கும் நான் முந்தித்தான் போவேன், அதனால்தான் இந்த நிலைக்கு வந்தேன். மகளும் அந்தப் பிள்ளையும் இன்னும் வந்து சேரவில்லை. பதிவாளர் அம்மா வெளியே வந்து என் பெயர், விலாசம் எல்லாம் சரி பார்த்தார். குட்டையாக வெட்டிய நரைமுடி, கண்ணாடியை ஒரு கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். மரியாதையான மனுசி. சரியான இடம் இதுதான், சரியான ஆளும் இவர்தான் என்று பட்டது.

என் ஆங்கிலம் கடை ஆங்கிலம். ஆனால் வேலை செய்யும். "மடம், ஒரு சின்னக் கேள்வி. இதை எழுதினால் எத்தனை மாதத்தில் ரத்துச் செய்யலாம்?"

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "ஏன் கேட்கிறீர்கள்?"

நான் விளக்கமாகச் சொன்னேன். ஒளிக்க என்ன இருக்கிறது? என் மகள் இரக்க மனசுக்காரி. சிநேகிதிக்கு விசா முடிகிறது, அதற்காகத்தான் எழுதுகிறாள். விசா வந்த பிறகு ரத்து. பிறகு மகளுக்கு ரொறொன்ரோவில் உண்மையான கலியாணம், பல் வைத்தியர். எங்கள் ஆட்களுக்கு இது புதிதில்லை, நானே பதினொன்றுக்குச் சாட்சி. சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "நன்றி, சேர். தயவுசெய்து இங்கேயே இருங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

மகள் வந்தாள். சிவப்புச் சாரி. எழுத்துக்கு எதற்குத் தாலிகட்டுக் கூறைச்சாரி நிறத்தில் உடுக்கிறாள் என்று நினைத்தேன். பெருக்காரி நீலச் சட்டை, தலையில் ஒரு வெள்ளைப் பூ. இரண்டு பேரும் என்னைப் பார்த்ததும் அப்படி ஒரு சிரிப்பு. சிரித்த வாய் மூடுமுன் பதிவாளர் அம்மா வந்து பெருக்காரியை மட்டும் உள்ளே கூட்டிப்போனார். அவள் வெளியே வந்தபோது முகத்தில் இரத்தம் இல்லை. பிறகு மகளைக் கூப்பிட்டார். மகள் வெளியே வந்தபோது நேரே என்னிடம் வந்தாள்.

"அப்பா, அந்த மனுசிக்கு என்ன சொன்னனீங்கள்?"

"என்ன சொல்லுறது? உள்ளதைத்தான் சொன்னனான்."

"என்ன உள்ளது?"

"விசாவுக்கு எழுதுறம், பிறகு ரத்துச் செய்யிறம் எண்டு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். "ஐயோ அப்பா. அவ நிப்பாட்டிப்போட்டா. பொய் எழுத்து எண்டு சந்தேகம், ஹோம் ஆபீசுக்கு எழுதப் போறாவாம். இண்டைக்கு நிண்டால் அவளின்ரை விசா முடியிறதுக்கு முன்னம் இன்னொரு நாள் கிடையாது. அவளைப் பிளேனிலை ஏத்திப்போடுவாங்கள்."

"பொய் எழுத்து எண்டு ஆர் சொன்னது? விசாவுக்கு எழுதுறது எங்கடை சனம் முழுக்கச் செய்யிறதுதானே!"

"இது விசாவுக்கில்லை!"

"அப்ப விசா வேண்டாமோ?"

"விசாவும் வேணும். ஆனால் அதுக்காக எழுதேல்லை. அப்பா... நீங்கள் அண்டைக்கு ஓம் எண்டு சொன்னனீங்கள். விளங்கினது எண்டு சொன்னனீங்கள். நான் எல்லாருக்கும் சொன்னனான், அப்பா ஓம் எண்டிட்டார், அப்பா மாதிரி ஒருத்தரும் இல்லை எண்டு."

"விளங்கினதுதான். நீயும் அவளும் சிநேகிதிகள், ஒரு வீட்டிலை இருக்கிறியள்..."

"நீங்களும் அம்மாவும் ஒரு வீட்டிலை இருக்கிற மாதிரி, அப்பா. அப்பிடி."

சுவரில் ஒரு பெரிய மணிக்கூடு இருந்தது. அதன் ஊசி நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. அம்மாவும் நானும் மாதிரி என்றால் எப்படி? ஆர் இதில் அம்மா, ஆர் நான்? கேட்கவும் வெட்கமாக இருந்தது. பெருக்காரி வாங்குப் பலகையில் இருந்தாள். தன் பையையும் மகளின் பையையும் சேர்த்து மடியில் இறுக்கிக்கொண்டு, ரெயில் வராத ஸ்டேஷனில் இருப்பவள் மாதிரி.

பதிவாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார்.

சின்ன அறை. மேசை, இரண்டு கதிரை, ஒரு பெட்டியில் கடதாசிக் கைக்குட்டை. மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் எடுக்கலாம் என்றார். தேவையில்லை, எனக்கு ஆங்கிலம் வரும் என்றேன். அவர் சொன்னது எனக்குத் தெளிவாக விளங்கியது. "நீங்கள் சொன்னது உண்மையானால் இதை நான் இன்று நடத்த முடியாது. அவர்கள் இருவரும் சொன்னது வேறு. நீங்கள் தகப்பன். உங்கள் கருத்து எனக்கு வேண்டாம், நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள்."

ஒரு சொல் போதும். விசா என்று இன்னொரு தரம் சொன்னால் முடிந்தது. பெருக்காரி தன் நாட்டுக்குப் போவாள், மகள் கொஞ்ச நாள் அழுவாள், ரொறொன்ரோக்காரர் இருக்கிறார். அந்தச் சொல் என் நாக்கு நுனியில் வந்து இருந்தது. பொய்யும் இல்லை, நான் அப்படித்தானே நம்பிக்கொண்டு வந்தேன்? அதே நேரம் மகள் சொன்னதும் காதில் கிடந்தது. இரண்டில் எதை நம்புவது என்று தெரியாமல், கண்டதை மட்டும் கேட்கிறார், கண்டதையே சொல்லுவோம் என்று தொடங்கினேன்.

முதலில் வாயில் வந்தது கட்டில்தான். இரண்டு கட்டில் வாங்கிக் கொடுத்தேன், மடம். என் முதுகில் ஏற்றினேன். ஒன்றில் உடுப்புப் போட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல தேக்கு நிறக் கட்டில். எப்போது போனாலும் உடுப்புத்தான். படுக்கிற அறையில் ஒரு கட்டில்தான் கிடக்கும். அதற்கும் பிறகு ஒரு பெரிய மெத்தை வாங்கிப் போட்டுவிட்டார்கள், என் கட்டிலுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிக்கொண்டு நிற்கும் என்று முறைப்பாடாகச் சொல்லிக்கொண்டு போனவன், பாதியில் நின்றுவிட்டேன். நான் சொன்னதை நானே அப்போதுதான் கேட்டேன்.

பதிவாளர் அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "வேறு?"

வேறு. மகளுக்குக் குடல்வால் வெட்டிய நேரம் ஆஸ்பத்திரியில் டொக்டர் கேட்டார், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாதா என்று. நான் முன்னுக்கு நின்று ஒன்றும் இல்லை, என் பிள்ளை இரும்பு என்றேன். பெருக்காரி பின்னாலிருந்து, "பெனிசிலின் கொடுக்கக் கூடாது, போன மாரியில் முகம் வீங்கினது" என்றாள். எனக்கு முன்னால் கதைக்கிறாள் என்று அன்றைக்கு எனக்கு அவ்வளவு கோபம். மகள் கண் திறந்ததும் முதலில் தேடியது ஆரை என்று நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, மயக்க மருந்தின் வேலை என்று நினைத்தேன். வெங்காயத்துக்கு இரண்டு பேரும் சண்டை பிடிப்பார்கள், மடம். பெருக்காரிக்குப் பச்சையாக வேண்டும், மகளுக்குப் பொரிந்து சிவக்க வேண்டும். இரண்டு சட்டியில் வதக்குவார்கள். நானும் என் மனைவியும் முப்பது வருடமாக உப்புக்குச் சண்டை பிடிக்கிறோம்.

இதெல்லாவற்றையும் என் கடை ஆங்கிலத்தில் எப்படிச் சொன்னேனோ தெரியாது. கையாலும் சொன்னேன். அந்த மனுசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்படியென்றால், சேர், சற்று முன்னர் ஏன் ரத்துச் செய்வதைப் பற்றிக் கேட்டீர்கள்?"

"எங்கள் ஆட்களுக்கு இது முதல் நாள்தான், மடம். இரண்டாவது நாள் ஒன்று இருக்கிறது. தாலி. கலியாணம் அன்றைக்குத்தான். அதற்கு முன்னம் எழுத்தை ரத்துச் செய்யலாம்."

அவர் பேனையை மூடி வைத்தார். "இங்கே இரண்டாவது நாள் இல்லை, சேர். இன்று கையெழுத்து வைத்தால் இதுதான் எல்லாம்."

அப்படியானால் மகள் அந்தச் சிவப்புச் சாரியைத் தெரிந்துகொண்டுதான் உடுத்திருக்கிறாள். அப்படியானால் இது எழுத்தில்லை, இன்றைக்குத்தான் அவளுடைய கலியாணம். மண்டபம் இல்லை, மேளம் இல்லை, தாய்கூட வரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து வந்த ஒரேயொரு ஆள் நான். வந்து நான் செய்த வேலை இது.

"நடத்துங்கோ" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு ஆங்கிலத்திலும் சொன்னேன். "உண்மையான எழுத்து, மடம். நான் சாட்சி."

அவர் வெளியே போய் இன்னொருவரோடு பேசினார். நாங்கள் மூன்று பேரும் வாங்கில் காத்திருந்தோம். நான் நடுவில் இருக்க நேர்ந்துவிட்டது. எழும்பி இடம் மாறினால் நல்லதோ கெட்டதோ என்று தெரியாமல் அப்படியே இருந்தேன். பெருக்காரி பையிலிருந்து ஒரு மாத்திரையும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்து எனக்குக் குறுக்கே கை நீட்டி மகளிடம் கொடுத்தாள். தலையிடிக்கு. மகள் ஒன்றும் கேட்காமல் விழுங்கினாள்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமாத் தெரியும்."

"எனக்கேன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

"சொன்னனான் அப்பா. டீவியை நிப்பாட்டச் சொல்லிப்போட்டுச் சொன்னனான்."

நான் பேனை இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தடவிப் பார்த்தேன்.

எங்களைக் கூப்பிட்டார்கள். அறையில் பன்னிரண்டு கதிரை, நாலில் மகளின் வேலைத்தளத்து ஆட்கள் முந்தியே வந்து இருந்தார்கள். இரண்டு பேரும் ஏதோ வாசித்தார்கள். மகள் மெல்ல, பெருக்காரி உரத்து. பிறகு என் முறை. நான் என் பேனையை எடுத்தேன். பதிவாளர் அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். அழியாத மை, தங்கள் பேனைதான் பாவிக்க வேண்டும் என்றார். மற்ற இடங்களிலும் அப்படிச் சொல்லியிருப்பார்கள், நான்தான் கேட்காமல் என் பேனையால் போட்டுவிட்டு வந்திருப்பேன் போல. பதினொரு தரமும் கடதாசியில் என்ன இருக்கிறது என்று நான் ஒரு வரி வாசித்ததில்லை. இந்த முறை மகளைக் கூப்பிட்டேன்.

"பிள்ளை, இதிலை என்ன கிடக்கு எண்டு வாசி."

அவள் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னாள். தன் பெயர், வயது, வேலை. மற்றவளின் பெயர், வயது, வேலை. தகப்பன் பெயர் என்ற இடத்தில் என் பெயர், தொழில் என்ற இடத்தில் வர்த்தகர் என்று போட்டிருந்தது. வர்த்தகர் என்று பார்த்ததும் ஒரு சின்னச் சந்தோசம் வந்தது, பொய் சொல்லக் கூடாது. கையெழுத்து வைத்தேன். மூன்று வளையத்தில் இரண்டுதான் சரியாக வந்தது. மூன்றாவது இழுபட்டுப் போய்விட்டது.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலில் நின்றாள்.

"முடிஞ்சுதோ?"

"முடிஞ்சுது."

"கண்ணாலை பாத்தனீங்களோ?"

"நீயாவது எனக்கு முதலே சொல்லியிருக்கலாம்."

"சொன்னனான். நீங்கள் அப்ப ரெண்டாவது கடைக்கு ஃப்ரீசர் வாங்கின கதை சொல்லிக்கொண்டு நிண்டனீங்கள். பிறகு அவளே சொல்லட்டும் எண்டு விட்டிட்டன்."

"நீ ஏன் வரேல்லை?"

அவள் என் கோட்டை வாங்கி மாட்டினாள். "எனக்குத் தெரியும்தான். ஆனால் பாக்கிறதுக்குக் கால் வரேல்லை" என்றாள். இவ்வளவு நாளும் அவளுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது, எனக்குத்தான் விளங்கவில்லை என்று நினைத்திருந்தேன். அவளும் என் மாதிரித்தான் நிற்கிறாள் என்று அப்போது கண்டேன்.

ரொறொன்ரோவுக்கு அன்றே தொலைபேசி எடுத்தேன். "பிள்ளைக்கு எழுத்து முடிஞ்சுது" என்றேன். "ஆரோடை? மாப்பிள்ளை என்ன செய்யிறார்?" என்று கேட்டார்கள். "பழைய கட்டிடம் திருத்திற படிப்பு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். மிச்சத்தைச் சொல்ல எனக்கே இன்னும் சொல் வந்து சேரவில்லை.

அடுத்த ஞாயிறு கடை வான் வண்டியை எடுத்துக்கொண்டு லூயிஷாமுக்குப் போனேன். மனைவியும் முன்சீட்டில் ஏறி இருந்தாள், மடியில் ஒரு பால் போத்தலும் கப்பல் வாழைப்பழச் சீப்பும். புதுத் தம்பதிக்குப் பாலும் பழமும் கொடுப்பது எங்கள் வழக்கம். மேலே போய்ப் பாலைக் காய்ச்சி இரண்டு கிண்ணத்தில் வார்த்தாள். "இதிலை ஆர் ஆருக்கு முதலிலை குடுக்கிறது?" என்று நான் கேட்டேன். உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டேன்.

"ஆருக்குப் பசியோ அவை முதலிலை குடிக்கட்டும்" என்றாள் மனைவி.

பெருக்காரி முதலில் குடித்தாள்.

நான் நடைபாதைக் கட்டிலில் கிடந்த உடுப்புகளை அள்ளிக் கதிரையில் வைத்தேன். "இதை நான் கொண்டுபோறன். கடை மேல்மாடியிலை அரிசி மூட்டை அடுக்க உதவும்" என்றேன். மகள் குனிந்து எதையோ தேடுகிற மாதிரிப் பாவனை செய்தாள். தனி ஆளாக ஏற்றியவன், தனி ஆளாக இறக்கவும் தெரியும் என்று முதுகைக் கொடுத்தேன். இரண்டாம் மாடித் திருப்பத்தில் கட்டில் சுவரில் குத்திக்கொண்டு நின்றுவிட்டது. ஏறும்போது எப்படித் திரும்பியது என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. கீழ்வீட்டுக் கிழவர் மறுபடியும் கதவைத் திறந்து நின்று பார்த்தார்.

பெருக்காரி ஒரு திருகாணிச் சாவியோடு படியிறங்கி வந்தாள். "கட்டில் காலைக் கழற்ற வேணும், அங்கிள். இல்லாவிட்டால் திரும்பாது" என்றாள். நான் நிமிராமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் கட்டிலின் குட்டைக் கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றி என் கோட்டுப் பைகளில் போட்டாள், ஒரு பையில் இரண்டு, மற்றதில் இரண்டு.